நடுக்கோட்டில் ஒரு சோப்பு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சார்ஜாவை அடுத்த சஜா லேபர் கேம்ப் வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு இந்தப் பயணமே வேண்டாம் என்றிருந்தது. வாரத்தில் ஆறு நாள் ஸ்டோரில் பைப்பும் வால்வும் எண்ணிக் கொடுக்கிறவனுக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை அது. தூங்கி எழுந்து, மீன் குழம்பு வைத்து, ஊருக்கு போன் பேசி முடிப்பதற்குள் அதுவும் தீர்ந்துவிடும். அன்று துவைப்பதற்காகப் பக்கெட்டில் துணியை வேறு ஊற வைத்திருந்தேன். இதையெல்லாம் விட்டுவிட்டு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புஜைராவுக்குக் கபடி ஆட்டத்துக்குப் போகிறவனை என்ன சொல்வது? ரூமில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள், அதை இங்கே எழுத முடியாது.

2007 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வெள்ளி. எங்கள் கேம்ப் தமிழ் டீமுக்கு நான்தான் மேனேஜர். ஆட்டம் தெரியும் என்பதற்காக அல்ல, கேம்ப்பில் சட்டையை இன் பண்ணி நிற்கிற ஆள் நான் ஒருவன் என்பதற்காக.

வாடகைக்கு எடுத்தது இருபத்தாறு பேர் உட்காரும் கோஸ்டர் பஸ். போக வர முந்நூற்றைம்பது திர்ஹம். அதைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள, எதிர் பிளாக்கில் இருக்கும் வங்கதேசத்து டீமும் எங்களோடு வந்தது. அவர்கள் பெரும்பாலும் சில்ஹெட் பக்கத்துக்காரர்கள். தெருவைக் கூட்டுவதும் சாக்கடை அடைப்பை எடுப்பதும் அவர்கள் வேலை. அவர்களுடைய கேப்டன் ரஃபிக்குக்கு முப்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். இந்தி நன்றாகப் பேசுவான். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அதில்தான்.

எங்கள் கேப்டன் முருகேசன், ஒரத்தநாட்டுப் பக்கம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற வேலை. கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார். வயது முப்பத்தேழு ஆகிறது, வலது முழங்கால் பாதி போய்விட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலுக்கு கிரேப் பாண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தார். நானும் பட்டுக்கோட்டைக்காரன்தான். எங்கள் பக்கத்தில் பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் சடுகுடு டோர்னமென்ட் நடக்கும்.

“முருகேசா, ஊர்ல எந்த டீமுக்கு ஆடுனே?” என்று கேட்டேன்.

“ஊர்ல ஆடுனதில்ல சார். இங்க வந்துதான்.”

இவ்வளவு தெரிந்த கை வளைகுடாவுக்கு வந்துதான் ஆட்டம் பழகியது என்றால் நம்ப முடியவில்லை. ஆனால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

தைத் என்ற ஊரைத் தாண்டும்வரை இரண்டு பக்கமும் செம்மண் நிறத்தில் மணல்மேடு. அங்கங்கே ஒட்டகம். அதற்குப் பிறகு வெறும் சரளைக்கல் வெளி, தூரத்தில் பொடிந்து விழுவது போன்ற மலைகள். முதல் தடவை பார்க்கிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். பதினோரு வருஷமாகப் பார்க்கிறவனுக்குக் கண் சொக்கும். டிரைவர் கான், பெஷாவர்க்காரர். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் கேட்டார்.

“மதராசி ஆடுவான், சரி. இந்த பெங்காலி என்னத்தை ஆடப் போகிறான்?”

வளைகுடாவில் ‘பெங்காலி’ என்று சொல்கிற தொனியே தனி. ஆளைக் கூப்பிடுவது போல இருக்காது, சோற்றில் உட்கார வந்த ஈயை விரட்டுவது போல இருக்கும். அரபி, பாகிஸ்தானி, மலையாளி, தமிழன் என்று எல்லார் வாயிலும் அதே தொனிதான். ரஃபிக் பின்னாலிருந்து, “கான் பாய், கபடி எங்கள் தேசிய விளையாட்டு. உங்களுக்கு ஹாக்கி மாதிரி” என்றான். கான் ஹாரன் அடித்தார். முன்னால் ஒன்றும் போகவில்லை.

பத்தேகாலுக்கு மசாஃபி. சாலையின் இரண்டு பக்கமும் கம்பளக் கடை, மண்பானைக் கடை, பழக்கடை. எல்லாரும் இறங்கி ஒரு திர்ஹம் டீ குடித்தோம். ரஃபிக் மட்டும் பலசரக்குக் கடைக்குள் போய், இரண்டு திர்ஹமுக்கு ஒரு பச்சை சோப்பு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

“கேம்ப்பில் சோப்பு இல்லையா?” என்றேன்.

அப்போதுதான் சொன்னான். கபடியில் உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது என்று விதி உண்டு, பிடித்தால் வழுக்கும். ஆனால் போன வருஷம் புஜைராவில் அவர்கள் டீமை மட்டும் குழாயடியில் வரிசையாக நிறுத்தி, கூட்டம் பார்க்க, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னார்களாம். மற்ற டீம் எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அஜ்மானிலும் அதே கதை. உம்முல் குவைனில் இவன், “விதி என்றால் எல்லாரும் குளிக்கட்டும்” என்று கேட்டிருக்கிறான். டீமையே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

“இன்றைக்கும் கேட்கப் போகிறாயா?”

“கேட்பேன் பாய். சோப்பு நம்முடையது. எல்லாருக்கும் போதும்.”

அவனுடைய அக்கா வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறார். அவருடைய சின்ன வயதில் அங்கே வங்கதேசத்துக்காரர்கள் தெருவில் வெள்ளைக்காரப் பையன்கள் கல்லெறிவார்களாம். அந்தத் தெருப் பையன்கள் ஃபுட்பால் டீம் ஒன்று சேர்த்து, மைதானத்தை விட்டுக்கொடுக்காமல் நின்று, பிறகு ஊர்வலமும் போயிருக்கிறார்கள். போனில் அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் ரஃபிக்.

“நீயும் ஊர்வலம் போக வேண்டியதுதானே?” என்று சீண்டினேன்.

“இங்கே ஊர்வலம் கிளம்பினால் நேரே ஏர்போர்ட்டில்தான் போய் முடியும் பாய்” என்று சிரித்தான். “அதனால்தான் சோப்பு.”

பதினொன்றரைக்கு புஜைரா. துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம், எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு மணல் திடல். கடலில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. ரஃபிக் டீம் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டது. எங்களுக்கு அண்ணாச்சி கடையில் சாப்பாடு.

அண்ணாச்சிதான் டோர்னமென்ட் நடத்துகிறவர். திருநெல்வேலிக்காரர், கப்பல்களுக்குக் காய்கறியும் அரிசியும் சப்ளை செய்கிறார். ஊர்க்காரன் யாராவது வேலை போய் நின்றால் ரூமும் சோறும் கொடுக்கிற மனுஷன். “வாங்க சார், சாப்பிட்டியளா? அம்மைக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று போன வருஷம் நான் சொன்னதை ஞாபகம் வைத்துக் கேட்டார். கோழிக்குழம்பு அவரே பரிமாறினார். இப்படிப்பட்டவரோடு சண்டை போட யாருக்கு மனசு வரும்?

மூன்று மணிக்கு அரையிறுதி. சீட்டுக் குலுக்கியதில் சஜா தமிழ் டீமுக்கும் சஜா வங்கதேச டீமுக்கும் ஆட்டம். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்தான் மோத வேண்டும். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டிருந்தார்கள். சுற்றிலும் முந்நூறு பேராவது இருப்பார்கள். விசில் ஊதப்போகிற நேரத்தில் அண்ணாச்சி கையில் மைக்கோடு வந்து, “பெங்காலி டீம், குழாய்க்குப் போ! ஜல்தி, ஜல்தி!” என்றார்.

ரஃபிக் போகவில்லை. நடுக்கோட்டுக்கு வந்தான். பச்சை சோப்பை எடுத்து, உறை பிரிக்காமல், கோட்டின் மேல் வைத்தான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

“சாப், இப்போதுதான் ஜும்மாவுக்குக் கை கால் முகம் கழுவி, ஒளு செய்து தொழுதுவிட்டு வந்தோம். எண்ணெய் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குளிக்கத்தான் வேண்டும் என்றால் குளிக்கிறோம். இரண்டு டீமும் குளிக்கட்டும்.”

கூட்டம் விசிலடித்தது. அண்ணாச்சி என்னிடம் வந்தார். “பாத்தியளா சார் திமிர? இவனுவ கடுகெண்ணெயத் தேச்சுக்கிட்டு வருவானுவ. போதாக்கொறைக்கு நாள் பூரா சாக்கடையில நிக்கிற பயலுவ. நம்ம பிள்ளைய மேல தொட்டு ஆடணும்லா? குளிக்கலேன்னா வாக் ஓவர். நீங்க நேரா ஃபைனல். சந்தோஷமா இருங்க.”

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஒரு ஆட்டம் குறைந்தால் முருகேசன் முழங்கால் தப்பும். சீக்கிரம் கேம்ப்புக்குத் திரும்பலாம். அதைச் சொல்லத் திரும்பினேன். முருகேசன் பாண்டேஜை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் இல்லை என்றுதான் அவிழ்க்கிறார் என்று நினைத்தேன். அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே நடுக்கோட்டுக்குப் போனார். சோப்பை எடுத்தார். பல்லால் உறையைக் கிழித்தார். குழாயடிக்கு நடந்தார்.

“ஏல முருகேசா! உனக்கு எதுக்குடே?” என்று மைக்கிலேயே கத்தினார் அண்ணாச்சி.

“ரூலுன்னா எல்லாருக்குந்தான அண்ணாச்சி.”

எங்கள் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். “எனக்கு நேத்துலேர்ந்து சளிண்ணே” என்று முனகிக்கொண்டே ஒருவன் கடைசியாகப் போனான். ஜனவரி மாதத்துக் கடல்காற்றில், முந்நூறு பேருக்கு முன்னால், ஏழு பேரும் அந்த ஒரே சோப்பைக் கை மாற்றிக் கை மாற்றிக் குளித்தார்கள். அதற்குப் பிறகுதான் ரஃபிக் எழுந்தான். அவன் ஆட்களும் போய்க் குளித்தார்கள். விசில் அடித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. நான் கையில் பாண்டேஜோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆட்டம் நடந்தது. ஈர உடம்பில் மணல் ஒட்டி, கொஞ்ச நேரத்தில் யார் எந்த டீம் என்றே தெரியவில்லை. இந்தப் பக்கம் “கபடி கபடி”, அந்தப் பக்கம் “ஹாடுடு ஹாடுடு”. முருகேசன் ஒரு தடவை ரஃபிக்கின் கணுக்காலை அழகாகப் பிடித்தார். அடுத்த தடவை பிடிக்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. இரண்டு பாயிண்டில் நாங்கள் தோற்றோம்.

அடுத்த அரையிறுதியில் ஜெயித்தது அண்ணாச்சியின் சொந்த டீம், துறைமுகத்துப் பையன்கள். அவர்களுக்கும் ரஃபிக் டீமுக்கும் ஃபைனல். ரஃபிக் தேய்ந்துபோன சோப்பை மறுபடி நடுக்கோட்டில் வைத்தான். துறைமுகப் பையன்களில் ஒருவன் பனியனைக் கழற்றிக்கொண்டு குழாய்வரை போனான். பிறகு அண்ணாச்சி முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். “கலாஸ்! ஆட்டம் கிடையாது” என்றார் அண்ணாச்சி. கப்பைத் துறைமுக டீமுக்குக் கொடுத்தார்கள். கைதட்டல் ரொம்பச் சின்னதாக இருந்தது. கிளம்பும்போது அவர் என்னிடம் பேசவில்லை. ஆனால் பையன்களுக்கென்று இரண்டு சீப்பு வாழைப்பழம் பஸ்ஸில் ஏற்றியிருந்தார்.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மலை இருட்டிவிட்டது. கான், “கப் எங்கே?” என்றார். ரஃபிக் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய சோப்புத் துண்டை எடுத்துக் காட்டினான். பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அலுப்பு. இவ்வளவு தூரம் வந்து, நனைந்து, தோற்று, வெறுங்கையோடு போகிறோம். நாளை காலை ஐந்து மணிக்கு எல்லாருக்கும் டியூட்டி.

மசாஃபி தாண்டியதும் முருகேசன் தானாகவே பேசினார்.

“காலைல கேட்டீங்கல்ல சார், ஊர்ல எந்த டீமுன்னு. எங்க ஊர்ல மாட்டுப்பொங்கலுக்குப் பெரிய டோர்னமென்ட் நடக்கும். சுத்துப்பட்டு டீமெல்லாம் வரும். எங்க தெரு டீமைச் சேக்க மாட்டாங்க. புடிச்சு ஆடுற ஆட்டமாச்சே. மேல படுமுல்ல?”

என்ன தெருவென்று எங்கள் பக்கத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“பனமரத்துக்கிட்ட நின்னு பாப்போம். பாத்துப் பாத்தே எல்லாப் புடியும் கத்துக்கிட்டேன். அப்ப யாராவது இந்த அண்ணாச்சி மாரி, போயி சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்கடா, ஆடலாம்னு சொல்லியிருந்தா, ஓடிப்போயிக் குளிச்சிருப்பேன் சார். அவ்ளோ ஆச. இன்னிக்கு இவன் உக்காந்தான் பாருங்க, அப்பதான் எனக்கு வெக்கமாப் போச்சு.”

அவர் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டு மணிக்கு சஜா. பஸ்ஸிலிருந்து முருகேசனை ரஃபிக்தான் தோள் கொடுத்து இறக்கினான். அவர் நேரே கேன்டீன் பக்கத்து டெலிபோனுக்குப் போனார். காலிங் கார்டு தீர்வதற்குள் பேச வேண்டுமே என்று சத்தமாகப் பேசினார். மறுமுனையில் அவர் மகன், பன்னிரண்டு வயது. வரிசையில் பின்னால் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

“டேய், மாட்டுப்பொங்கலுக்கு ஆட்டம் நடக்கும்ல. கூப்புட்டாங்கன்னா போயி ஆடு. கூப்புடலன்னா அந்தப் பனமரத்துக்கிட்ட போயி நிக்காத. என்னா? அப்பா சொல்றேன், போயி நிக்காத.”

நான் போன் பேசவில்லை. ரூமுக்குப் போனேன். காலையில் ஊற வைத்த துணி பக்கெட்டில் அப்படியே இருந்தது.