அடைத்திருந்த பெரிய வாசல்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம் நடந்தது இது. காரைக்கால் பக்கத்துக் கிராமத்து மாதா கோயிலில் நான் உபதேசியார். பங்குச் சாமியார் புதுச்சேரி போயிருந்ததால் அடக்கச் சடங்கை நடத்தும் பொறுப்பு அன்று என்னுடையது.

சேரியிலிருந்து சூசை தன் மனைவி ஆரோக்கியத்தின் சவப்பெட்டியைக் கொண்டுவந்தார். சேரிக்காரர்களின் பெட்டி பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். அன்று சூசை பெரிய வாசல் முன்னால் நின்றுவிட்டார்.

"உபதேசியாரய்யா, இந்த வாசப்படிய முப்பது வருஷமா கூட்டினவ இவ. இன்னிக்கு ஒரு நாளு இப்படிப் போவட்டுங்க."

சாவி என் மடியில்தான் இருந்தது. "திறக்கணும்னா திறந்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சாமியாரே முன்பு சொல்லியிருந்தார். ஆனால் மேலத்தெருப் பெரியவர்கள் நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வழக்கத்த மாத்த எனக்கு அதிகாரம் இல்ல சூசை" என்று பொய் சொன்னேன். பெட்டி பக்கவாசலுக்குத் திரும்பியது.

மூன்று வருடம் கழித்துச் சூசை இறந்தார். அன்று துணிந்து பெரிய வாசலைத் திறந்து வைத்துவிட்டுச் சேரிக்கு ஓடினேன். அவர் மகள் தலை நிமிராமல் சொன்னாள்: "வேணாங்க. அம்மா போவாத வாசல்ல என்னைக் கொண்டுபோவாதன்னு அப்பா சொல்லிட்டுப் போயிட்டாருங்க."

அந்தப் பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். பக்கவாசலில் நான் நுழைந்தது அதுவே முதல் தடவை.

இப்போதெல்லாம் சாவுச் செய்தி வந்ததும் பெரிய வாசலைத் திறந்துவிடுகிறேன். யார் வீட்டுச் சாவு என்று கேட்பது அதற்குப் பிறகுதான். ஏசுகிறவர்கள் ஏசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சூசை வீட்டார் மட்டும் இன்னமும் பக்கவாசல் வழியாகத்தான் பூசைக்கு வருகிறார்கள்.