உக்காத குழை

2026 பெப்ரவரி 11, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, கிணற்றின் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, இணுவிலில் உள்ள என் தோட்டத்துக்குப் போனேன். வெங்காயம் நடுவதற்காகக் கொத்த வந்திருந்த கூலிக்காரரை அதற்குமுன் கண்டதில்லை. மெலிந்த மனிதர்; தலையில் பழைய சாரத் துண்டு. நாலு கொத்துக்கு ஒருதரம் மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பார்.

ஒரு மணித்தியாலத்தில் மண்வெட்டியை நிறுத்தினார்.

“ஐயா, இந்தக் குழை எப்ப தாட்டது?”

உரத்துக்கென்று நான் மண்ணில் புதைத்த பூவரசங்குழை அது.

“ஐப்பசியிலை.”

“இன்னும் உக்கேல்லை, பாருங்கோ.” இலைகள் கறுத்திருந்தன; உருவம் குலையவில்லை. “புழுவுக்கு எத்தினை மூடி மருந்து விட்டனீங்கள்?”

“போத்தலிலை ஒண்டு எண்டிருக்கு. நான் இரண்டு விடுவன்.”

“அதுதான். குழையை உக்க வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத சீவனுகளும் சேர்ந்து செத்துப்போச்சு. நான் செத்தால் என்னை இஞ்சை தாட்டுப்போடாதேங்கோ, ஐயா. அப்பிடியே கிடப்பன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதையும் அளவாகச் செய்பவன் என்று நம்பி, பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தின் அளவை என்னிடம்தான் கேட்பார். ஐந்து வருடமாக அவருக்கும் இரண்டு மூடி என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதைக் கூலிக்காரரிடம் சொன்னேன். அவர் அந்த இலைகளை மறுபடி மண்ணால் மூடினார். என்மீது கோபமா, மண்மீது இரக்கமா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை, தேநீர் வைக்குமுன், பக்கத்துத் தோட்டக்காரரின் படலையைத் தட்டினேன்.