எட்டுக் கட்டத்தில் கோமதி போட்ட தமிழ்

எழுபதுகளில் வந்த ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை இன்று இணையத்தோடு சேர்த்துவிட்டேன். நம் குழுவில் நீங்கள் போடும் செய்திகள் அதன் திரையில் வந்தன.

ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது; தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கேள்விக்குறியாகத்தான் வந்தது. எட்டுக்கு எட்டு கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தையும் நாமே வரைந்து கொடுக்க வேண்டும்.

என் மனைவி கோமதி பட்டுப் புடவைக்குக் கிராஃப் தாளில் டிசைன் போடுகிறவள். அவளிடம் கேட்டேன்.

“கட்டத்துல அன்னப்பட்சியே போட்டுக்கினு இருக்கேன், எழுத்து போட மாட்டேனா?”

மாலைக்குள் முடித்துவிட்டாள். திரையில் ஏற்றினால், நீளமான கோடுகளின் நடுவில் எல்லாம் ஒரு கட்டம் காலி.

“ஏம்மா இந்த ஓட்டை?”

“புடவையில அந்தக் காலிக் கட்டந்தாங்க நூலுக்குப் பிடிப்பு. நடுவுல அது குடுக்காம நீளமா விட்டா நூல் தொங்கிடாதா?”

அப்படியே விட்டுவிட்டேன். இந்தப் பதிவும் அந்தத் திரையில் அவள் எழுத்தைப் பார்த்துத் தட்டியதுதான். உங்கள் பக்கம் எங்காவது நூல் தொங்கினால் சொல்லுங்கள்.