கடித்த பல்லும் கடைசிப் பாலும்

தாராவியில் எங்கள் சாலில், ஒட்டியொட்டி இருக்கும் ஒற்றையறை வீட்டு வரிசையில், யாராவது சாகக் கிடந்தால், பெண்கள் நாங்கள் சிலர் முறைவைத்துக் கூடவே உட்கார்ந்திருப்போம். சாகிறவர் சொல்வதைத் தட்டுவதில்லை என்பது எங்களுக்குள் பேச்சு.

அப்படிக் கிடந்த பொன்னம்மாக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏட்டி, எம்மவ வந்தா அவ கையால எனக்குப் பால் ஊத்த விட்ராத."

வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு அம்பர்நாத் போன மகள் அவள். நான் சரி என்றேன்.

மறுநாள் பொன்னம்மாக்காவுக்குப் பேச்சு நின்றுபோனது. சேதி கேட்டு ஓடி வந்த மகள், ஸ்பூனில் பாலை எடுத்து உதட்டில் வைத்தாள். பொன்னம்மாக்கா பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். பால் கழுத்தில் வழிந்தது.

"ஒரே ஒரு சொட்டும்மா" என்று தாயின் மார்பில் முகம் புதைத்துக் கதறினாள் மகள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கன்னத்தை வருடுவதுபோல் கைவைத்து, தாடையை அழுத்தி வாயைத் திறந்தேன். "இப்ப ஊத்தும்மா" என்றேன். பால் உள்ளே போயிற்று. உயிர் போகும்வரை பொன்னம்மாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வாயத் தொறந்துட்டா, பாத்தியளாக்கா!" என்று மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

இன்றும் பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன். அந்தத் தாடை இன்னும் என் விரல்களுக்குள் திமிறுகிறது.