அப்பா அடித்த திருவலை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் அப்பாவுக்கு இரும்படிக்கிற கொல்லுவேலைப் பைத்தியம் பிடித்தது. பைத்தியம் என்பது பெரியப்பா சொன்ன வார்த்தை. அப்பா அதைப் பொழுதுபோக்கு என்றார்.

அப்பா கோலாலம்பூரில் ரயில்வே கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணி வேலை பார்த்தார். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுவதும் எங்களைப் போல யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். எல்லா வீட்டு ஆண்களும் காலையில் வெள்ளைக் கோட்டும் குடையுமாகப் புறப்பட்டு, மாலையில் விரல் நுனியில் மைக்கறையோடு திரும்புவார்கள். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு சிலர் டென்னிஸ் ஆடுவார்கள், சிலர் சீட்டு விளையாடுவார்கள். அப்பாவும் டென்னிஸ் ஆடியவர்தான். ஒரு சனிக்கிழமை மட்டையும் கையுமாகப் போனவர், ஆற்றங்கரைப் பக்கம் மண்வெட்டி அடிக்கும் சீனர் ஒருவரின் பட்டறை முன்னால் நின்று பார்த்திருக்கிறார். பொழுது சாயும்வரை அங்கேயே நின்றிருக்கிறார். டென்னிஸ் அன்றோடு முடிந்தது.

அதற்கு முந்திய வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனான். அதன்பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. சாப்பாடு ஆயிற்றா, குடை எங்கே, மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, இவ்வளவுதான் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வார்கள். பெரியவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பழைய இரும்புக் கடையில் முழங்கை நீளத் தண்டவாளத் துண்டு ஒன்று அப்பாவுக்குக் கிடைத்தது. அதை ஒரு மரக்குற்றியின் மேல் ஆணியடித்து இறுக்கினார். அதுதான் பட்டடைக் கல். ஓட்டை விழுந்த குளியல் தொட்டியில் களிமண்ணைக் குழைத்து அப்பி உலை கட்டினார். எங்கள் பக்கத்தில் செங்கல் சூளைக்காரர்கள் தோண்டி விட்டுப்போன களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. கையால் சுற்றும் பழைய காற்றாடி ஒன்றைக் குழாயோடு பொருத்தினார். கிள்ளானிலிருந்து சதுப்புநிலக் காட்டு மரத்தின் கரி சாக்குச் சாக்காக வந்தது. வேட்டியை விட்டுவிட்டுப் பழைய காக்கிக் காற்சட்டைக்கு மாறினார். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் கம்பியை உலையில் வைத்துவிட்டுக் கந்தோர்க் கடிதம் எழுதுகிற பொறுமையோடு அப்பா காத்திருந்தார். பொறுமை கூடிவிட்டது. கம்பி வெள்ளையாகி, மத்தாப்புப் போலப் பொறி கக்கி, நுனி உருகி விழுந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த சனிக்கிழமை சீனர் தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் விளக்கினாராம். இரும்பின் நிறத்தைப் பார்க்க வேண்டும், பழுத்த மிளகாய் நிறம் என்றால் இன்னும் சூடு காணாது, பப்பாளி நிறத்தில் எடுத்து அடி, கறுத்துப்போன பிறகு அடிக்காதே. அப்பா இதை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு ஆணியும் விளக்குத் தொங்கவிட ஒரு கொக்கியும் செய்தார். கொக்கி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. விளக்கும் சாய்ந்தே எரிந்தது.

அம்மாவுக்குச் சத்தமே ஆகாது. ஆனால் சுத்தியல் சத்தத்தைப் பற்றி ஒரு நாளும் முறையிடவில்லை. சத்தம் நின்றால்தான் சமையலறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். மறுபடி கேட்டதும் உள்ளே போய்விடுவார்.

பிறகு அப்பா அம்மாவுக்கென்று ஒரு திருவலை செய்தார். தேங்காய் திருவுகிற பலகைக்குத் தமிழ்நாட்டார் துருவுமணை என்பார்கள். எங்களுக்கு அது திருவலை. அதன் இரும்பு நாக்கை அடித்து வளைத்து, நுனியைத் தட்டையாக்கி, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக அராவ மூன்று வாரம் ஆனது. கட்டைவிரலில் கொப்புளம் உடைந்து ஆறி மறுபடி வந்தது. அம்மா அதை வாங்கி, முந்தானையால் துடைத்து, நன்றாக இருக்கிறது என்றார். அப்பா அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நன்றாக இல்லை என்பது எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. அப்பா வீட்டில் இருக்கும்போது அம்மா அந்தத் திருவலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கத் திருவுவார். அப்பா கந்தோருக்குப் போனதும் அரிசிப் பீப்பாவுக்குப் பின்னாலிருந்து பழைய கடைத் திருவலை வெளியே வரும். நான் பார்த்தது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் கிள்ளானிலிருந்து வந்தார்கள். பெரியப்பா துறைமுகத்தில் பெரிய கிராணி. சாப்பிட்டு முடித்தவர் பின்கதவு வழியாக உலையைப் பார்த்துக்கொண்டே, "கந்தோர்க் கிராணிக்கு இது தேவையே தம்பி? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றார்.

அப்பா கோபப்படவில்லை. இலேசாகச் சிரித்துக்கொண்டு, "இண்டைக்கு நீங்கள் சாப்பிட்ட சம்பலுக்குத் தேங்காய் என்ர திருவலையிலதான் அண்ணை திருவினது" என்றார்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் உண்மை பேசுவதைப் பற்றி ஒரு முழுப் பாடம் நடத்தியிருந்தார். யாருக்கும் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்றிருந்தார்.

"இல்லை அப்பா, அது அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால கிடக்கிற கடைத் திருவலை" என்றேன். "நீங்கள் பெரியப்பாவைக் கூட்டிவர ஸ்டேசனுக்குப் போன நேரம் அம்மா திருவினவ. உங்கட திருவலையை நீங்கள் வீட்டில நிக்கேக்க மட்டும்தான் எடுக்கிறவ."

பெரியப்பா உரக்கச் சிரிக்கத் தொடங்கி, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பாவின் காது மடல் சிவந்தது. அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று மணி ரயிலுக்கு அவர்களை அனுப்பிவிட்டு வரும் வழி முழுவதும் அப்பா என் கையைப் பிடிக்கவில்லை.

வீடு வந்ததும் அப்பா அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் கையை விட்டார். இரண்டு திருவலைகளையும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தன்னுடையதை உலையில் எறியப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எறியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குந்தியிருந்து, பல்லுக்குப் பல்லு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா தேங்காய்ப் பாதி ஒன்றோடு வெளியே வந்தார்.

"எவ்வளவு நாளா?" என்று அப்பா நிமிராமல் கேட்டார்.

"முதல் நாளிலையிருந்து. பல்லுப் பிடிக்கேல்லை. வழுக்கிக்கொண்டு போகுது."

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா அப்பாவின் திருவலையில் உட்கார்ந்தார். "சொன்னால் இரும்படிக்கிறதை விட்டிடுவியளோ எண்டு பயந்தனான்" என்றார். பிறகு தேங்காயை நாக்கில் வைத்து, "இஞ்ச பாருங்கோ, வளைவு காணாது, இன்னும் வளைய வேணும்" என்று காட்டினார்.

அப்பா அருகே நகர்ந்து, அம்மாவின் கையின் மேல் கையை வைத்து எங்கே வழுக்குகிறது என்று பார்த்தார். பல் பிடிக்காமல் மழுங்கியதற்கு இரும்பு மென்மையாக இருந்ததும் ஒரு காரணம். காருக்கு அடியில் இருக்கும் வில்லுத் தகடு கிடைத்தால் உரமாக இருக்கும் என்று சீனர் சொன்னாராம். அதைச் சொல்லிக்கொண்டே அப்பா ஒரு குச்சியால் மண்ணில் கோடு கீறினார். அம்மா அதை அழித்து வேறு மாதிரிக் கீறினார். பிந்திய மாதங்களில் புதிதாக அடித்த இரண்டு திருவலைகள் தண்ணீரில் குளிர்விக்கும்போது வெடித்துப் போயின. மூன்றாவது சரியாக வந்தது.

ஆனால் அன்று நான் சமையலறைப் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அப்பா அம்மாவைக் கோபிப்பார், அம்மா என்னை அடிப்பார், அல்லது யாராவது ஒருவர் நான் உண்மை சொன்னதை மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் இருமிப் பார்த்தேன். அவர்கள் திரும்பவில்லை. கோயில் மணி அடித்தது, கொசு வந்தது, விளக்கேற்றுகிற நேரமும் ஆகிவிட்டது. அப்போதும் இரண்டு பேரும் எதிரெதிரே குந்தியிருந்து பேசிக்கொண்டே இருந்தார்கள்.

பசித்தது. நானே உள்ளே போய், சோற்றில் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பாடப் புத்தகத்தை எடுத்தேன். அப்போது வெளியே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. தேங்காய் திருவ மாட்டாத ஒரு திருவலையைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.