காந்தத்துக்கு அழியாத படம்

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் ஒரு ஸ்ரூடியோவின் பின்னறையில் இருந்து ஸ்பீக்கர் திருத்தி வந்தேன். கடைக்கார அண்ணன் முன்னறையில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார். யுத்தம் முடிகிற காலத்தில் பக்கத்துத் தெரு ஸ்ரூடியோவுக்குள் சிலர் புகுந்து கம்ப்யூட்டரைத் தூக்கிப் போனார்கள். அதில் இருந்த படங்களைக் காட்டி, இந்தப் பெடியன்கள் யார் யார் என்று கேட்டு முதலாளியை அடித்தார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பெரிய காந்தம் வச்சிருக்காய்தானே? இந்த ஹார்ட் டிஸ்கில தேய்ச்சு எல்லாத்தையும் அழி" என்றார்.

காந்தத்துக்குக் கிட்ட வைத்தால் கசெற் பாட்டுக் கெட்டுவிடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். கோயில் ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தால் அரை மணி நேரம் தேய்த்தேன். திரும்ப மாட்டிப் பார்த்தோம். காந்தம் கிட்ட இருந்ததால் திரையின் மூலையில் ஊதா நிறம் படிந்திருந்தது. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு முகமாக வந்தது.

அதில் ஒருவனை எனக்குத் தெரியும். பாலத்தடியில் மீன் விற்கும் அக்காவின் ஒரே மகன். சில மாதங்களுக்கு முன் வாகனத்தில் வந்தவர்கள் அவனை ஏற்றிப் போயிருந்தார்கள். ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அண்ணன் முன்கதவைப் பூட்டிவிட்டுச் சுத்தியலோடு வந்தார்.

"உடை" என்றார்.

திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே கண்ணாடி போல ஒரு தட்டும் இரண்டு சின்னக் காந்தங்களும் இருந்தன. சின்னதுதானே என்று அலட்சியமாகக் கழற்றியதில், இரண்டும் பாய்ந்து கவ்வி என் சுட்டுவிரலை நசுக்கின. இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுழன்ற தட்டு என் ஸ்பீக்கர் காந்தத்துக்கா அஞ்சும்? சுத்தியலால் அடித்து வளைத்து வாவியில் எறிந்தேன்.

அடுத்த கிழமை அந்த அக்கா, மகனைக் காணவில்லை என்று கொடுக்கும் முறைப்பாட்டுப் படிவத்தோடு வந்தார்.

"தம்பி, மகன்ட படம் இருக்கா? வீட்டில இருந்ததெல்லாம் கடல் கொண்டு போயிட்டு. அடையாள அட்டைக்கு எடுத்த மிச்சப் படமும் அவன்ட பேர்சுக்குள்ள."

"காந்தம் பட்டு எல்லாம் அழிஞ்சு போச்சக்கா" என்றார் அண்ணன்.

அக்கா நம்பாமல் பின்னறைக்கு என்னிடம் வந்தார். "நீயாவது தேடிப் பாரு மனே."

"காந்தத்தால அழியல்ல அக்கா. நான்தான் உடைச்ச. உடைக்கக்குள்ள அவன்ட படம் இருந்த."

"மாசத்துக்கு ஒரு சொல்லுப் பேசுறவன், இண்டைக்குத்தானா வாய் திறக்கிற?" என்று அண்ணன் கத்தினார்.

அக்கா ஸ்பீக்கர் பெட்டியில் உட்கார்ந்தார். ஏசுவார் என்று நின்றேன்.

"என்ன சேட்டுப் போட்டிருந்தான்?"

"நீலம். கோடு போட்டது."

"கழுத்துப் பித்தான் பூட்டியிருந்தானா?"

"ஓம் அக்கா."

படிவத்தில் படம் ஒட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது. பேனையைத் தந்து, அதற்குள் எழுதச் சொன்னார். கோடு போட்ட நீலச் சேட்டு என்று எழுதினேன். பித்தானையும் எழுதச் சொன்னார்.