அந்த போல்ட் நம்பரைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க

இன்று காலை ஆபீஸுக்குப் போனால், முதலாளி மேஜை மேல் துப்பாக்கி!

(லேட்டாக வந்ததற்காக இல்லை. பயப்படாதீர்கள்.)

அவருடைய தாத்தா வைத்திருந்த பழைய த்ரீ நாட் த்ரீ. வீட்டு மஜ்லிஸில், அதுதான் வரவேற்பறையில், விருந்தாளிகள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டப் போகிறாராம். அதைக் கழற்றித் துடைத்து பாலிஷ் போட்டவர் எங்கள் ஒர்க்‌ஷாப் ரஹ்மத் பாய். பெஷாவர்க்காரர், ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம்.

பழைய துப்பாக்கி சேகரிக்கும் முதலாளியின் நண்பர் ஒருவர் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். போல்ட் ஒரிஜினல் இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

(போல்ட் என்றால், சுடுவதற்கு முன்னால் கையால் இழுத்துத் தள்ளுவார்களே, அந்த இரும்பு.)

முதலாளிக்கு வந்ததே கோபம். தாத்தா சாமானை விற்றுத் தின்றாயா என்று ரஹ்மத் பாயைப் பிடித்துக்கொண்டார். போலீஸ், விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிந்தது என்றார். பாய் சத்தியம் செய்கிறார், கேட்க ஆளில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

லெட்டர் டைப் அடிக்கிற நான் எழுந்து போய்த் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன்.

(திருச்சியில் காலேஜ் படித்தபோது மூன்று வருஷம் என்.சி.சி. சி சர்டிஃபிகேட். இந்த வரியை மட்டும் சத்தமாகப் படிக்கவும்.)

பாடியில் ஒரு நம்பர் இருக்கும். போல்ட் கைப்பிடியின் பின்பக்கமும் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது அந்தத் துப்பாக்கியின் சொந்த போல்ட்.

பாடியில் 7316. போல்ட்டில் 9042. நண்பர் சொன்னது சரிதான்!

ஆனால் அந்த போல்ட்டும் அதே காலத்துப் பழசு. திருடியவன் இன்னொரு பழைய போல்ட்டுக்கு எங்கே போவான்?

இதைக் கழற்றிய அன்றைக்கு வேறு துப்பாக்கி ஏதாவது கழற்றினீர்களா என்று ரஹ்மத் பாயிடம் கேட்டேன். அஜ்மானில் இருக்கும் முதலாளியின் பெரியப்பா மகனுடையதும் வந்ததாம். இரண்டும் ஒரே மேஜையில் துடைத்ததாம்.

"சார், உங்க அண்ணனுக்கு போன் போடுங்க. அந்த போல்ட் நம்பரைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அண்ணன் போனில் கேமரா கிடையாது. ஸ்பீக்கரில் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

ஏழு. மூன்று. ஒன்று.

ஆறு!

பாடி நம்பரையும் கேட்டோம். 9042.

முதலாளி எல்லோர் முன்னாலும் ரஹ்மத் பாய் தோளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒரே பெருமை. கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மறைக்க என்ன இருக்கிறது?

(போனில் சொன்னேன். "இத்தனை நாள் உங்கிட்ட எதிர்த்துப் பேசியும் உயிரோட இருக்கேனே" என்கிறார் என் வீட்டுக்காரர்.)

சாயங்காலம் டியூட்டி முடிந்து ரஹ்மத் பாய் என் மேஜை முன்னால் வந்து நின்றார். இத்தனை வருஷம் மேடம் என்று கூப்பிட்டவர், "ஷுக்ரியா, உஸ்தாத்" என்றார்.

துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுத்த ஹவில்தாரை என்.சி.சி.யில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சட்டென்று எழுந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டேன்!